மகாநாடு செல்வோரும் நுழைவு முத்திரையும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, வழக்கம்போல் இரயில்வேயின் பழங்கதை ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணியிருந்தோம். ஆனால் சென்ற ஆண்டு நமது குடியிருப்பில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நம் மனத்தை வேறு திசையில் திருப்பிவிட்டது. அதனைப் பலரும் அறிவர். அறியாதவர்களுக்காகச் சுருங்கச் சொல்லுகிறோம்.

இரசாயன ஆராய்ச்சி பயிலும் நம் குடியிருப்புப் பெண் ஒருத்தியின் கட்டுரை, ஐரோப்பிய நாடொன்றில் நடைபெறவிருந்த சர்வதேச மகாநாடு ஒன்றுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அழைப்புக் கடிதம் வந்தது. செலவில் பாதியைப் பல்கலைக்கழகம் ஏற்றது. மீதிப் பாதிக்குத் தகப்பனார் தம் சேமநிதியில் கடன் எடுத்தார். நாகபுரியிலிருந்து மும்பைக்கு அவ்விருவருக்கும் சீட்டுப் பதிவு செய்து கொடுத்தவர் நாமே. மும்பையில் விரல் ரேகை எடுத்துக்கொண்டு, காகிதங்களை வாங்கிக்கொண்டு, வீட்டிற்குப் போய்க் காத்திருக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். மகாநாட்டு நாளும் வந்தது, பாஸ்போர்ட் வரவில்லை. அப்பெண் தன் கட்டுரையை மாலை ஏழு மணிக்கு, அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கைக்கு இடையே, கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து பதினைந்து நிமிடம் வாசித்து முடித்தாள். மகாநாடு முடிந்து ஆறாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே முத்திரை இல்லை. அச்சிட்ட காரணங்களின் வரிசை கொண்ட தாள் ஒன்று இருந்தது. பயணத்திற்குச் சொல்லப்பட்ட நோக்கம் நம்பத்தக்கதாக இல்லை என்ற காரணத்தின் எதிரே ஒரு குறி இடப்பட்டிருந்தது.

அன்று மாலை அவ்வீட்டுப் பாட்டியார் நம்மைப் பார்த்து, “தம்பி, கூப்பிட்டவர்களே கூப்பிட்ட பிறகு, வேண்டாம் என்று சொல்ல வாசலில் நிற்பவன் யார்?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. மெட்ரிக் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு சீட்டுக் கொடுக்க வந்தவர் நாம். எனினும் பாட்டியாரின் கேள்வி உறங்கவிடாமையால், ஓய்வு நேரங்களில் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

1914ஆம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவின் பெரும் பகுதியில் பாஸ்போர்ட் இன்றியே மக்கள் போய் வந்தனர். ருஷ்யாவும் துருக்கிப் பேரரசும் விலக்கு. அங்கே காகிதம் இல்லாமல் புக முடியாது. ஏனைய இடங்களில் இரயில் ஓடியது, பிரயாணி ஏறினார், இறங்கினார். அவ்வளவே. முதல் உலக யுத்தம் மூண்டதும் ஒவ்வொரு நாடும் ஒற்றர்களுக்கு அஞ்சி எல்லைகளை அடைத்தது. யுத்தம் முடிந்த பின்னும் அடைத்த கதவு திறக்கவில்லை.

இந்நிலையை மாற்றவே சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920 அக்டோபரில் பாரிஸ் நகரில் ஒரு மகாநாடு கூடியது. அதன் பெயரைப் படித்தபோது நாம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டோம். பாஸ்போர்ட்டுகள், சுங்க நடைமுறைகள், த்ரூ டிக்கெட்டுகள் ஆகியவை பற்றிய மகாநாடு என்பதே அதன் பெயர்! ஒரே சீட்டில் பல இரயில்வேக்களைக் கடந்து செல்லும் முறையைத்தான் த்ரூ டிக்கெட் என்கிறோம் என்பதை நமது குடியிருப்பில் குழந்தைகளும் அறியும். நாடு விட்டு நாடு செல்லும் மனிதனின் தொல்லையை அன்றைய அறிஞர்கள் இரயில் பிரயாணியின் தொல்லையாகவே கண்டிருக்கிறார்கள். வண்டி எல்லையில் நின்றுவிட்டால் சீட்டு என்ன பயன், பாஸ்போர்ட் என்ன பயன்?

அம்மகாநாடு பல தீர்மானங்களைச் செய்தது. பாஸ்போர்ட் எல்லா நாடுகளிலும் ஒரே வகையான சிறு புத்தகமாக இருக்க வேண்டும். 32 பக்கங்கள், பதினைந்தரை சென்டிமீட்டர் நீளம், பத்தரை சென்டிமீட்டர் அகலம். குறைந்தது இரண்டு மொழிகள், அவற்றுள் ஒன்று பிரெஞ்சு. நாட்டை விட்டு வெளியேறுவதற்கென்று தனி விசா கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நுழைவு விசாவுக்குக் கட்டணம் 10 பிராங்குக்கு மேற்படலாகாது. ஒரு நாட்டின் வழியாகக் கடந்து செல்வதற்கு மட்டும் என்றால் 1 பிராங்க். இவையெல்லாம் தற்காலிக ஏற்பாடு என்றே அவர்கள் கருதினர். யுத்தத்திற்கு முந்திய நிலை படிப்படியாகத் திரும்பும் என்று நம்பினர். 1926ஆம் ஆண்டு ஜினீவாவில் மறுபடியும் கூடியபோது, பாஸ்போர்ட்டை ஒழிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்ற முடிவே ஏற்பட்டது. தற்காலிகம் என்று தொடங்கியது நூறாண்டைத் தாண்டிவிட்டது. அலுவலகத்தில் பணி புரிவோருக்கு இது வியப்பளிக்காது.

நமது நாட்டிலும் அதே 1920ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்குள் நுழைவோருக்கான பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் தெற்கே ஒரு வாசல் நெடுங்காலம் திறந்தே இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் அடைந்து, மறுபடியும் வண்டி ஏறிக் கொழும்பு சேர்ந்தார். போட் மெயில் என்ற பெயரை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்புக்குச் செல்லும். பாரிஸ் மகாநாடு கனவு கண்ட த்ரூ டிக்கெட் அதுவேயன்றோ? தோட்டத் தொழிலாளருக்கு மண்டபம் முகாமில் நோய்ச் சோதனையும் தடுத்து வைப்பும் இருந்தன. அந்தத் துன்பத்தை நாம் மறைக்கவில்லை. இலங்கை சுதந்திரம் பெற்று, 1948இல் குடிவரவுச் சட்டம் இயற்றிய பின்னர் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டு போயிற்று. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து சில காலம் கப்பல் ஓடி, இலங்கையில் மூண்ட போரோடு அதுவும் நின்றது.

மகாநாடு செல்வோரின் கதைக்கு வருவோம். ஏனைய பிரயாணிகளைவிட அறிஞர்களே அரசாங்கங்களுக்கு அதிகச் சந்தேகம் விளைவித்தனர் என்பது சரித்திரத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1952ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் புரதங்களின் அமைப்பைப் பற்றி நடந்த கூட்டத்திற்குச் செல்லவிருந்த லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு அவருடைய சொந்த அரசாங்கமே பாஸ்போர்ட் மறுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் செல்லப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. சோவியத் நாட்டிலோ கதவு உட்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது. 1978இல் ஹெல்சிங்கியில் கணித அறிஞர்களின் மகாநாட்டில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெறவிருந்த மார்குலிஸை அவர் நாட்டார் அனுப்பவேயில்லை.

1961இல் பெர்லின் சுவர் எழுந்தபின், கிழக்கு ஜெர்மனி விஞ்ஞானிகள் மேற்கு நாடுகளுக்குச் செல்ல வேண்டுமானால் மேற்கு பெர்லினில் நேச நாடுகள் நடத்திய பிரயாண அலுவலகத்தின் காகிதம் வேண்டியிருந்தது. அது எளிதிற் கிடைக்கவில்லை. இத்தகைய தொல்லைகள் பெருகியதன் விளைவாக, 1963இல் சர்வதேச விஞ்ஞானச் சங்கங்களின் மன்றம் விஞ்ஞானிகளின் தடையற்ற போக்குவரத்துக்கென்றே ஒரு நிலைக்குழுவை அமைத்தது. விசா மறுக்கும் நாட்டில் மகாநாடு கூட்டுவதில்லை என்பதே விஞ்ஞானிகளின் கையிலிருந்த ஆயுதம். அறிவாளிகளும் வேலை நிறுத்தம் செய்ய வல்லவர்கள் என்பதை அறிந்து நாம் மகிழ்ந்தோம்.

அரசியலிலும் அந்த ஆயுதம் ஒருமுறை பயன்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை நியூயார்க்கில் இருப்பதால், அங்கு வரும் பிரதிநிதிகளுக்குத் தடை செய்யலாகாது, விசாவைக் கட்டணமின்றி விரைவாக வழங்க வேண்டும் என்று 1947இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1988 நவம்பரில் பாலஸ்தீனத் தலைவர் அரபாத்துக்கு அந்நாடு விசா மறுத்தது. பொதுச்சபை என்ன செய்தது? 154 நாடுகளின் வாக்கால், அவ்விவாதத்தை ஜினீவாவுக்கே கொண்டு சென்றது. டிசம்பர் 13ஆம் நாள் அரபாத் அங்கே உரையாற்றினார். விருந்தாளியை வாசலில் நிறுத்தியபோது விருந்தே இடம் பெயர்ந்துவிட்டது.

தமிழ் மகாநாடுகளின் கதை இவ்வளவு இனிமையாக இல்லை.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்ததே ஒரு சர்வதேச மகாநாட்டில்தான். 1964 சனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் மகாநாடு கூடியபோது, தனிநாயக அடிகளார் முயற்சியால் அங்கு வந்திருந்த தமிழறிஞர்கள் ஒன்றுகூடி அதனைத் தோற்றுவித்தனர். பல நாட்டார் ஓரிடத்தில் வந்து இறங்க முடிந்ததனாலன்றோ அது நடந்தது? 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிஸிலும் மாநாடுகள் நடந்தன. நான்காவது மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. அதனைக் கொழும்பிலேயே நடத்த வேண்டும் என்று இலங்கை அரசு விரும்பியது; அமைப்பாளர்கள் யாழ்ப்பாணத்தில் உறுதியாக நின்றனர். வெளிநாட்டு அறிஞர்களுக்கு விசா தாமதமாயிற்று, சிலருக்கு மறுக்கப்பட்டது. சனவரி 10ஆம் நாள் நடந்த பொதுக்கூட்டத்தில் போலீசார் புகுந்தபோது ஏற்பட்ட குழப்பத்தில் ஒன்பது உயிர்கள் போயின. அதைப் பற்றி மேலே எழுதக் கை வரவில்லை.

ஆனால் பிறரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1995இல் நமது தஞ்சாவூரிலேயே எட்டாவது உலகத் தமிழ் மாநாடு கூடியபோது, இலங்கையிலிருந்து வந்த தமிழறிஞர்கள் சிலர் அதில் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. சங்க இலக்கியத்திலும் பழந்தமிழ் நாடகத்திலும் வாழ்நாளைச் செலவிட்டவர், இராசராசன் எடுத்த கோயில் நிற்கும் ஊரில் இருக்க ஒண்ணாமல் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலையின் நிழல் அப்போது இந்நாட்டின் மீது படர்ந்திருந்தது என்பது உண்மையே. ஆயினும் அரசாங்கங்களின் அச்சத்திற்கு ஒரு முதியவரின் ஆராய்ச்சிக் கட்டுரை பதில் சொல்ல வேண்டியிருந்தது நமக்கு நாணம் தருகிறது. 2010இல் கோயம்புத்தூரில் நடந்த செம்மொழி மாநாட்டுக்கு அவர் வந்தார். உடல் நலம் குன்றியிருந்தும் வந்தார். மறு ஆண்டு காலமானார்.

இனி இன்றைய விதிகளைச் சிறிது சொல்லுகிறோம். நமது குடியிருப்பின் பிள்ளைகளுக்குப் பயன்படலாம். இந்தியாவுக்கு மகாநாட்டுக்கென வருவோருக்குத் தனி விசா உண்டு. அழைப்பவர் வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியையும், வேண்டியவிடத்து உள்துறை அமைச்சகத்தின் அனுமதியையும் முன்னரே பெற்றிருக்க வேண்டும். 2014 நவம்பரில் சுற்றுலாவுக்கென ஏற்பட்ட மின்னணு விசா, பின்னர் மகாநாட்டுக்கும் விரிவாக்கப்பட்டது.

நாம் வெளியே செல்லும்போது, ஷெங்கன் நாடுகளுக்கு 2024 முதல் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்பி வராது. 30,000 யூரோவுக்குக் காப்பீடு வேண்டும். பிரயாண நாளுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2020இல் வந்தது. இதனை அறியாமல் நம்மவர் ஐந்து வாரம் முன்னதாகச் செல்கின்றனர். நம் பெண்ணும் அப்படியே சென்றாள். மலேசியாவோ 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசாவின்றி 30 நாள் அனுமதி அளித்து, அதனை 2026 முடியும்வரை நீட்டித்திருக்கிறது. அவ்வாண்டு ஜூலையில் கோலாலம்பூரில் கூடிய தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு அச்சலுகை ஐந்து மாதம் தாமதமாகவே வந்தது என்பது வேறு செய்தி.

விசா வேண்டாம் என்றால் தடையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. விமான நிலையத்து அதிகாரி அழைப்புக் கடிதமும், திரும்பும் சீட்டும், தங்குமிடத்தின் விவரமும் கேட்பார். உரை கேட்கச் செல்வது வேறு, பணம் பெற்று உரையாற்றச் செல்வது வேறு என்று பிரிக்கும் நாடுகளும் உண்டு. நமது சீட்டுச் சோதனையாளர் முன்பதிவுப் பெட்டியிலும் வந்து அடையாளச் சீட்டுக் கேட்பதில்லையா?

அப்பெண்ணின் மற்றொரு கட்டுரை, அடுத்த ஆண்டு அதே ஐரோப்பாவில் கூடவிருக்கும் வேறொரு மகாநாட்டுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. இம்முறை ஐந்தரை மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கிறாள். வருகிற மாதம் மும்பைக்குச் சீட்டுப் பதிவு செய்தோம். இரண்டன்று, மூன்று. பாட்டியாரும் உடன் செல்கிறார். அந்த வாசலில் நிற்பவனைத் தாமே நேரில் பார்த்துவிட வேண்டுமாம். அவருக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது.