கிணற்றுக்கும் குழிக்கும் இடையே: செப்டிக் டேங்கின் வரலாறு

வீட்டின் பழைய செப்டிக் டேங்கை மாற்றுவது என்று முடிவானதும் நம் ஊர்களில் எழும் முதற்கேள்வி, எத்தனை உறை இறக்க வேண்டும் என்பதே. கிணறோ ஆழ்துளைக் குழாயோ அங்கிருந்து எத்தனை அடி தொலைவில் உள்ளது என்று கேட்போர் குறைவு. நம் மார்க்க அறிஞர்களோ அக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள்.

ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் தண்ணீரைக் கொண்டே தொடங்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத் அளவை எட்டிய தண்ணீர், நஜீஸ் கலந்தும் அதன் நிறம், சுவை, மணம் மாறாதவரை தூய்மையானதே. ஹனஃபி நூல்கள் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே இருக்கவேண்டிய தொலைவையே தனியாக விவாதிக்கின்றன. ஐந்து முழம் என்றனர் சிலர். ஏழு முழம் என்றனர் வேறு சிலர். பின்வந்த அறிஞர்கள் இந்த முழக்கணக்கை இறுதியாகக் கொள்ளவில்லை. மண் இறுகியதா இளகியதா என்பதைப் பொறுத்து அது மாறும் என்றும், நஜீஸின் அடையாளம் கிணற்று நீரில் தெரியாத தொலைவே போதிய தொலைவு என்றும் கூறினர். இன்றைய பொறியாளரும் குழி அமைக்குமுன் அந்த மண்ணில் நீர் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்றே சோதித்துப் பார்க்கிறார்.

ஆயினும் கண்ணும் நாவும் மூக்கும் அறியாத ஒன்று தண்ணீரில் இருக்கக்கூடும் என்பது 1854இல் லண்டன் நகரில் வெளிப்பட்டது. சோஹோ பகுதியின் பிராட் தெருவில் ஓர் அடிகுழாய் இருந்தது. அதன் தண்ணீர் தெளிவுக்கும் சுவைக்கும் பெயர்பெற்றது. ஆகஸ்ட் மாத இறுதியில் அத்தெருவைச் சுற்றிக் காலரா பரவி, சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவையும் அந்நோயால் இறந்திருந்தார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவர், அந்நீரின் சுவையை விரும்பி அதை நாள்தோறும் வண்டியில் தருவித்துப் பருகியவர். ஸ்னோவின் வற்புறுத்தலால் செப்டம்பர் 8ஆம் நாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்தைத் தவறென நிறுவும் எண்ணத்துடன் வீடுவீடாக விசாரித்தார். முடிவில் அவரே அதற்குச் சான்று தேடித் தந்தார். 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீரை அதன் தாய் வீட்டின் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். மறுஆண்டு தோண்டிப் பார்த்தபோது அக்குழியின் செங்கற்கள் இற்றுப்போயிருந்தன. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை.

இதனால் ஃபிக்ஹு பிழைபட்டது என்று கொள்ளவேண்டியதில்லை. தண்ணீரின் சட்டத் தூய்மை வேறு, அதன் நலம் வேறு. உடலுக்குத் தீங்கு என்று அறிந்ததைப் பருகலாகாது என்பதும் அதே ஃபிக்ஹின் விதிதான். நஜீஸ் கிணற்றை எட்டக்கூடாது என்ற நோக்கம் மாறவில்லை. அதைக் கண்டறியும் வழிதான் மாறியிருக்கிறது.

லண்டன் பெருஞ்சாக்கடைகளைக் கட்டிக்கொண்டது. சாக்கடை எட்டாத வீடுகளுக்கு வழி பிரான்சிலிருந்து வந்தது. வெசூல் நகரத்தவரான ஜான் லூயி மூரா 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், கழிவு உள்ளே வருவதற்கும் தெளிந்த நீர் வெளியேறுவதற்கும் நீருக்குள் மூழ்கிய குழாய்களைக் கொண்ட ஒரு மூடிய தொட்டியைக் கட்டினார். சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, நிரம்பிக் கிடக்கும் என்று எண்ணிய திடக்கழிவு மிகச் சிறிதளவே இருந்தது. 1881இல் அவர் காப்புரிமை பெற்றார். அந்தத் தொட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரின் பொருள், தானாக இயங்கும் துப்புரவாளர். மனிதர் செய்த வேலையை இனித் தொட்டியே செய்யும் என்பது நம்பிக்கை. இந்தியாவில் அப்பெயர் எவ்வளவு பொய்யாயிற்று என்பதைப் பின்னர் காண்போம். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர அளவையாளர் டொனால்ட் கேமரன் இதே முறையைப் பெரிய அளவில் அமைத்து, அழுகச்செய்வது என்னும் கிரேக்கச் சொல்லின் அடியாக ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்டார். இன்றுவரை நாம் வழங்குவது அப்பெயரே.

தொட்டியில் நடப்பது எளிது. கனமானவை அடியில் வண்டலாகப் படிகின்றன. எண்ணெய்ப்பசை மேலே ஆடையாக மிதக்கிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலை மெல்லக் கரைக்கின்றன. நடுவிலுள்ள நீர் வெளியேறுகிறது. தெளிந்து தோன்றினாலும் அதில் நோய்க்கிருமிகள் நிறைந்தே உள்ளன. அவற்றை அகற்றுவது மண். உறிஞ்சுகுழி வழியாகவோ, சரளை நிரப்பிய கால்வாய் வழியாகவோ பரந்து இறங்கும்போதுதான் அந்நீர் வடிகட்டப்படுகிறது. அதாவது தொட்டி வேலையின் முற்பாதி மட்டுமே. நம் நாட்டில் நேர்ந்த பெரும்பிழை, பிற்பாதியை விட்டுவிட்டதுதான்.

எடுப்புக் கக்கூஸ் ஒழிந்தது நற்செய்தி. உலர்கழிப்பறை கட்டுவதை 1993ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. ஆனால் அதன் இடத்தில் வந்தவற்றுள் பல, செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடித்தளமின்றி இறக்கப்பட்ட சிமெண்ட் உறைகளே. நீர்மட்டம் உயர்ந்த கடற்கரை ஊர்களில் இவ்வுறைகள் நிலத்தடி நீரிலேயே நிற்கின்றன. பக்கத்து வீட்டின் கிணறு அதே நீரைத்தான் இறைக்கிறது. “எங்கள் தொட்டி இருபது வருடமாக நிரம்பவே இல்லை” என்று பெருமை பேசுவோர், உள்ளே போனது எங்கே போயிற்று என்று ஒரு கணம் எண்ணிப்பார்க்கலாம். அண்டைவீட்டாரின் ஹக்கை வலியுறுத்தும் மார்க்கத்தில் அது வீட்டுக்காரர் மட்டும் முடிவுசெய்யும் காரியம் அன்று.

முறையாகக் கட்டிய தொட்டியிலும் வண்டல் சேரும். அதை எடுத்தாக வேண்டும். மூராவின் ‘தானியங்கித் துப்புரவாளர்’ இந்தியாவில் மனிதரை உள்ளே இழுத்துக்கொண்டது இங்கேதான். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும்; அளவு மிகுந்தால் மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றதைக் கண்டு இறங்கியவரும், அவரைத் தூக்கக் குனிந்தவரும் ஒருசேர மடிவது இதனால்தான். இந்த வேலைக்கு எவர் அனுப்பப்பட்டனர் என்பதைச் சாதி முடிவுசெய்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்பின்றி எவரையும் தொட்டிக்குள் இறக்குவதைத் தடைசெய்கிறது. உள்ளாட்சிகளைப் போலவே வீட்டு உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். முதற்குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உச்சநீதிமன்றம் 2014இல் இத்தகைய மரணத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. கூலி கொடுத்துவிட்டோம், அவரே சம்மதித்து இறங்கினார் என்னும் வாதம் அல்லாஹ்வின் முன்னிலையில் நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொட்டியை மாற்றுவோருக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 2470 சில அளவுகளைத் தருகிறது. தொட்டியின் அகலம் குறைந்தது 75 செண்டிமீட்டர்; நீரின் ஆழம் குறைந்தது ஒரு மீட்டர்; கொள்ளளவு குறைந்தது 1000 லிட்டர்; நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு. உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டரும், குடியிருப்பிலிருந்து 6 மீட்டரும் விலகியிருக்கவேண்டும். நெருக்கமான தெருக்களில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. அங்கே உறிஞ்சுகுழியைத் தவிர்த்து, நீர் கசியாத தொட்டியைக் கட்டி லாரி மூலம் அடிக்கடி எடுப்பதே பொருந்தும், செலவு கூடுதல்தான். ஒளு, குளியல் நீரைத் தொட்டிக்குள் விடாமல் தனியே தோட்டத்துக்குத் திருப்பினால் வண்டல் படியப் போதிய நேரம் கிடைக்கும். பழைய குழியை லாரி கொண்டு முழுவதும் உறிஞ்சியெடுத்து, மணலிட்டு நிரப்பிவிட வேண்டும். வெறுமையாக மூடிவைத்த குழியின் மேல்பலகை என்றேனும் ஒருநாள் இடியும்.