கேட்போர் அவை: பள்ளிச் சொற்பொழிவின் வரலாற்றுப் பின்னணி

வெளியிலிருந்து ஓர் அறிஞரை அழைத்து மாணவர்முன் உரையாற்றச் செய்வது நம் தமிழ்ப்பள்ளிகளில் நன்கு வேரூன்றிய வழக்கம். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை அடுத்துள்ள சுங்கை ரம்பாய் போன்ற ஊர்களில் இவ்வழக்கத்திற்குத் தனி மதிப்பு உண்டு. பெருநகர அரங்குகளும் தமிழ் ஆய்வு நூலகங்களும் தொலைவில் இருக்கையில், அவற்றின் ஒரு பகுதியைத் தம்மோடு கொண்டு வருபவர் அப்பேச்சாளரே. ஆயினும் இத்தகைய நிகழ்ச்சியை மதிப்பிடும்போது பேசியவர் யார் என்றே நாம் முதலில் வினவுகிறோம். கேட்டவர் யார், கேட்டதனால் அவரிடம் விளைந்தது என்ன என்பதை அரிதாகவே ஆராய்கிறோம். தமிழ்ச் சொற்பொழிவின் வரலாற்றை நோக்கினால், இந்த இரண்டாம் வினாவே முதன்மையானது என்பது புலப்படும்.

புராணத்தைச் செய்யுள் செய்யுளாகப் படித்துப் பொருள் விரிக்கும் மரபு தமிழில் நெடுங்காலமாக உண்டு. ஒருவர் அவைமுன் நின்று, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை உரைநடையில் முறைப்பட விளக்கும் சொற்பொழிவு 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் புதிய வலிமை பெற்றது. அங்கே கிறித்துவ சமயப் பணியாளர் பள்ளிகளை நிறுவி, சமய உரைகளைத் தமிழில் நிகழ்த்தி வந்தனர். அப்பள்ளிகளுள் ஒன்றில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். 1822இல் பிறந்த அவர், தம் 25ஆம் அகவையில், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது ஒருநாள் நிகழ்ச்சியாக நின்றுவிடவில்லை, வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது.

பள்ளிச் சொற்பொழிவை நடத்துவோர் நாவலரின் செயல்முறையிலிருந்து மூன்று கூறுகளை அறிந்துகொள்ளலாம். முதலாவது, தொடர்ச்சி. கேட்போர் வாரந்தோறும் கூடியதால் ஓர் உரை விட்ட இடத்திலிருந்து மற்றோர் உரை தொடங்க முடிந்தது. இரண்டாவது, கல்விக்கூடம். 1848இல் அவர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மூன்றாவது, அச்சு. 1849இல் அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் சென்றார். அப்பயணத்தின்போதே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டத்தை வழங்கியது. பின்னர் பாலபாடங்கள் முதலிய நூல்கள் அவரால் அச்சேறின. சொற்பொழிவும் பள்ளியும் நூலும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

எனினும் அவ்வவைக்கு ஓர் எல்லை இருந்தது. அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்குக் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. ஆகவே, கோயிலினுள் நிகழ்ந்த உரையை அருகிருந்து கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. பேச்சு எவ்வளவு சிறந்ததாயினும் அதைக் கேட்க அமர்வதற்கு யாருக்கு இடம் கிடைத்தது என்னும் வினாவை விடுத்து அவ்வரலாற்றை நாம் எழுத இயலாது.

இவ்வினா மலாயாவில் வேறு வடிவில் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் இரயில்வே ஊழியர்களாகவும் வந்தோர் சைவச் சங்கங்களையும் கல்வி நிலையங்களையும் தோற்றுவித்தனர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் அவர்களது முயற்சியின் விளைவே. ஆனால் மலாயாத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். மலாயாவின் முதல் வணிக நோக்கிலான ரப்பர் நடவு மலாக்கா மண்ணிலேயே நிகழ்ந்தது. டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், அதன் பின்னர் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசகானிலும் ரப்பரைப் பயிரிட்டார். அத்தொழில் பெருகப் பெருக, பால்மரக் காடுகளைச் சூழ்ந்து தமிழரின் லயங்களும் பெருகின.

தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் எனத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. எனினும் பல இடங்களில் ஒரே அறையில் ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக அமர்ந்ததும் உண்டு. தோட்டம் தனியார் உடைமையாதலின், வெளியார் உள்ளே வருவதற்குத் துரையின் இசைவு வேண்டும். யாழ்ப்பாணத்தில் கேட்போரைத் தடுத்தது கோயில் வாயில். இங்கே பேசுவோரைத் தடுத்தது தோட்ட வாயில். இரண்டிடத்தும் இழப்பு கேட்போர்க்கே.

இத்தகைய சூழலில் பெரியார் ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கினார். ஈப்போவில் நடைபெற்ற தமிழர் மாநாட்டில் உரையாற்றிய அவர், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பயணம் செய்து சாதி ஒழிப்பையும் சுயமரியாதையையும் வலியுறுத்தினார். ஒரு விருந்தினரின் பயணம் சில வாரங்களில் முடிந்துவிடக் கூடியது. அதன் பயன் நிலைத்தமைக்குக் காரணம், கேட்டோர் சங்கம் அமைத்ததும் இதழ் நடத்தியதுமே. கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். 1952இல் தமிழர் திருநாளுக்கு வித்திட்டார். 1950களில் அவ்விதழின்வழி உருவான மாணவர் மணிமன்றம் இளையோரை எழுதவும் மேடையேறவும் பழக்கியது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை பேசத் தொடங்கியதை இவ்வரலாற்றின் பெருந்திருப்பமாக நாம் கருதுகிறோம்.

இதன் பயன் பல்கலைக்கழகம் வரை சென்றது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1956இல் அங்கு இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் எனச் சாரங்கபாணி வாதாடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித் திரட்டுக்குத் தொழிலாளர்களும் தம் ஊதியத்திலிருந்து கொடுத்தனர். தாம் பயிலாத பல்கலைக்கழகத்திற்கு அவர்கள் நூல் வாங்கித் தந்தனர். துறை பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கு நடைபெற்றது. உலக அறிஞர் கூடிய அவ்வவைக்குப் பின்னால், கேட்டும் கொடுத்தும் தமிழைக் காத்த எளிய மக்கள் இருந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்தனர். துரையின் இசைவு வேண்டிய வாயில் இன்று இல்லை. ஆனால் வேறு வாயில்கள் உண்டு. தேர்வில் முன்னிற்கும் மாணவரை மட்டும் முன்வரிசையில் அமர்த்துவதும், மாலையிட்டு நினைவுப் பரிசு வழங்குவதிலேயே பாதி நேரத்தைக் கழிப்பதும், வினாவுக்கு இடமின்றி நிகழ்ச்சியை முடிப்பதும் கேட்போர்க்கு எதிரே அடைக்கப்பட்ட வாயில்களே.

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து நிற்பது கேள்வி. கற்கும் வாய்ப்புக் குன்றியவர்க்கும் கேட்டல் துணையாகும் என்பது அதன் கருத்து. இன்றைய தமிழில் அச்சொல் வினாவையும் குறிக்கிறது. பள்ளிச் சொற்பொழிவு இவ்விரு பொருளையும் நிறைவேற்ற வேண்டும்.

ஆகவே, சுங்கை ரம்பாய் வட்டாரத்திலும் பிற ஊர்களிலும் சொற்பொழிவுத் தொடர் நடத்தும் ஆசிரியர்கள் சிலவற்றைக் கருதுதல் நலம். ஆண்டுக்கொரு பெருவிழாவினும் தவணைதோறும் நிகழும் சிற்றுரைகள் பயன் மிக்கவை. உரைக்கு முன்னரே பொருளை அறிவித்து, மாணவர் தம் வினாக்களை எழுதி வரச் செய்யலாம். உரைக்குப் பின் கேட்டதை எழுதச் செய்து, அவற்றுள் சிலவற்றைப் பள்ளி இதழில் அச்சிடலாம். பால்வெட்டி ஓய்ந்த மூத்தோரையும் பேச்சாளராக அழைக்கலாம். தோட்டத்தின் வரலாற்றை அவர்களினும் நன்கறிந்தோர் சிலரே. எல்லாவற்றிற்கும் மேலாக, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் எழுந்து ஒரு வினா கேட்கும் வரை பேச்சாளரும் ஆசிரியரும் பொறுத்திருத்தல் வேண்டும்.