பல்லவர் காசுகளும் அண்மைப் படமெடுப்பும்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மாமல்லபுரம் பல்லவர்களின் துறைமுகமாக விளங்கியது. அவர்களது செப்புக்காசுகளில் ஒருபக்கம் காளை. சிலவற்றின் மறுபக்கம் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல். பல்லவர் கடல்வணிகத்துக்கு இச்சிறு உருவம் முக்கியச் சான்று. எனினும் களிம்பேறித் தேய்ந்த காசில் அதை வெறுங்கண்ணால் அறிவது கடினம்.

இங்கே டிஜிட்டல் கேமரா உதவுகிறது. மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவை முக்காலியில் நிறுத்தி, பக்கவாட்டில் தாழ்வாக ஒரே விளக்கை வைத்தால் மேடுகளின் நிழலில் உருவம் துலங்கும். நேரே விழும் ஃபிளாஷ் அதை மழுங்கடித்துவிடும். ஒளி படத்தின் கீழ்ப்பக்கமிருந்து வந்தால் மேடு பள்ளமாகத் தோன்றி வாசிப்பே பிழைபடலாம். ஆகவே விளக்கை இடம் மாற்றிப் பல படங்கள் எடுப்பது நல்லது. அருகில் அளவுகோலும் இருக்க வேண்டும்.

1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்த பாண்டியர் காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிப்பு இருந்தது. இலக்கியத்தில் மட்டும் அறிந்திருந்த பெயருக்கு அது நாணயச் சான்றானது. புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் காசுகளில் இத்தகைய எழுத்துகளே முதலில் அழிகின்றன.