மஜ்ஹூல் வேறு, மாறி வேறு

கணினி நிரலின் 'மாறி', அல்ஜப்ரு கலையின் 'ஷைஉ' என்பதிலிருந்தே பிறந்தது என நம்மவர் பெருமையுடன் கூறுவதுண்டு. அது பாதி உண்மையே என்போம்.

கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813-833) பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, தேடப்படும் எண்ணை 'ஷைஉ' (பொருள்) என்றும் 'ஜித்ர்' (வேர்) என்றும் குறித்தார்; அதன் வர்க்கம் 'மால்'. அறிந்த எண்ணைத் திர்ஹமாகச் சொன்னார். குறியீடுகள் இல்லை, யாவும் சொற்களே. ஒரு மாலும் பத்து ஜித்ரும் சேர்ந்தால் முப்பத்தொன்பது திர்ஹம், ஜித்ர் எவ்வளவு? மூன்று. இதில் திர்ஹமை மாறிலி எனலாம். ஷைஉவோ மாறியன்று. அது மஜ்ஹூல், அறியப்படாதது. கணக்கைத் தொடங்குமுன்பும் அது மூன்றுதான்.

நிரலின் மாறி மெய்யாகவே மாறுவது. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் 'க = க + 1' என எழுதலாம். அல்ஜப்ரு கற்றவருக்கு இது அபத்தம். கணினிக்கோ, 'க' என்னும் நினைவக அறையிலுள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்டி அங்கேயே வை என்னும் கட்டளை. இக்குழப்பம் நேராதிருக்க அல்கால் 60 மொழி சமக்குறிக்கு முன் முக்காற்புள்ளி இட்டது.

மாறிலிக்கும் சோதனை வந்தது. பழைய ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் சிலவற்றில் 2 என்னும் எண்ணும் நினைவக அறையொன்றிலேயே இருந்தது. துணைநிரலுக்கு அவ்வறையின் முகவரி சென்றால், அது அங்கே 3ஐ இட்டுவிடக்கூடும். அதன்பின் நிரலில் 2 என எழுதிய இடமெல்லாம் 3 ஆகும். பிற்கால மொழிகளில், மாறிலியென அறிவித்த பெயருக்குப் புதுமதிப்பு தர முயன்றால் கம்பைலரே மறுத்துவிடுகிறது.