பாட்டு போதும், பேச்சு வேண்டாம்

லினக்ஸ் பக்கம் ஒதுங்கிய என் வயசுக்காரர்களுக்கு எம்ப்ளேயரைத் தெரியாமல் இருக்காது. ஹங்கேரிக்காரர் ஆர்பாட் கெரெயோஃபி 2000-ல் தொடங்கியது. பெங்களூர் அறையில் நான் பார்த்த பாதிப் படங்கள் அதில்தான். எதைக் கொடுத்தாலும் ஓட்டும், ஆனால் சும்மா ஓட்டாது. ஒலி எத்தனையாவது நொடி, படம் எத்தனையாவது நொடி என்று கடைசிவரை முனையத்தில் ஒப்பித்துக்கொண்டே இருக்கும். வேகம் பத்தாத பொட்டியென்றால் நட்சத்திரம் போட்டுத் திட்டும் :)

யுனிக்ஸ் மரபுக்கு இது நேர் எதிர். 1969-ல் பெல் லேப்ஸில் யுனிக்ஸ் பிறந்தபோது தட்டியது எதில்? டெலிடைப் 33, காகிதத்தில் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். வளவளவென்று பேசினால் யார் உட்கார்ந்திருப்பது? வேலை ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காதே என்பது அங்கே வழக்கமானது.

1970களில் இன்னொரு சிக்கல். அங்கே ஒளி அச்சுக்கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருந்து தாளைக் கழுவி எடுத்தால், கட்டுரைக்குப் பதில் பிழைச்செய்தி அழகாக அச்சாகியிருக்கும்! சிலமுறை இப்படித் தாள் வீணான பிறகுதான் பிழைக்கென்று தனி வாய்க்கால் வெட்டினார்கள். 1 வழக்கமான வெளியீடு, 2 பிழை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். காலை அஞ்சரைக்குச் சுப்ரபாதம் ஓட கிரானில் ஏற்றுகிறீர்கள். பிளேயர் பேசுவதையெல்லாம் கிரான் மடலாக அனுப்பிவிடும். எரிச்சலில் நாம் போடுவது "> /டெவ்/நல் 2>&1". எதைப் போட்டாலும் விழுங்கும் பாழுங்கிணற்றில் ரெண்டு வாய்க்காலையும் திருப்பிவிட்டாச்சு. ஒருநாள் பாட்டு வராது. ஏன் என்று சொல்ல ஆளிருக்காது.

எம்ப்ளேயர் நிலவரத்தை 1-லும், எச்சரிக்கை, பிழைகளை 2-லும்தான் விடுகிறது. "> /டெவ்/நல்" மட்டும் போதும். ஓடினால் அமைதி, தகராறு என்றால் மடல். அச்சுத்தாளை வீணாக்கி அவர்கள் கற்ற பாடத்தை நாம் ஏன் அழிக்க வேண்டும்?

கொசுறு: எம்ப்ளேயரின் வழிவந்த எம்பிவி-யில் "--நோ-டெர்மினல்" என்று ஒன்று உண்டு. அது பேச்சை மட்டுமல்ல, முனையத்தில் நீங்கள் தட்டும் விசைகளையும் கண்டுகொள்ளாது. பாதியில் நிறுத்த நினைப்பவர்கள் கவனம்!