திரையில் தமிழ் எழுந்த வரலாறு

தமிழ் அச்சேறியது 1578 ஆம் ஆண்டில். கொல்லத்தில் அன்றிக் அடிகளார் வெளியிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழிகளுள் தனக்குரிய எழுத்திலேயே முதற்கண் அச்சான பெருமை தமிழுக்கே உரியது என்பதைச் சங்க மேடைகளில் நாம் பலகாலும் கேட்டு மகிழ்ந்துள்ளோம். ஆயின், அதே தமிழ் கணிப்பொறித் திரையில் பிழையின்றி எழுந்து நிற்பதற்குப் பட்ட பாட்டை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே கூற விழைகின்றோம்.

முதலில் அச்சுக்கூடத்தை எண்ணிப் பார்ப்போம். 1713 இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு, சீகன்பால்கு ஐயரின் பொருட்டு, ஈய எழுத்துகள் கப்பலில் வந்து இறங்கின. அன்று தொட்டு நம் தந்தையர் காலம் வரை அச்சுக்கோப்போர் செய்த பணி ஒன்றே. 'கொ' என்னும் எழுத்து வேண்டுமாயின், கொம்பை எடுத்து வைப்பார், அதன்பின் ககரம், அதன்பின் கால். கண் காணும் வரிசை எதுவோ, கை கோக்கும் வரிசையும் அதுவே. ணா, றா, னா, ணை, லை போன்றவற்றுக்கு மட்டும் பழைய வடிவில் தனி அச்சுகள் தேவைப்பட்டன. பெரியார் வழங்கிய சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 இல் ஏற்றபோது அத்தொல்லை பெரிதும் குறைந்தது. வீட்டில் முதியோர் வைத்திருக்கும் பழைய நூல்களைப் பிள்ளைகள் திறந்து, யானைத் துதிக்கை போன்ற ஐகாரக் குறியைக் கண்டு வியப்பது இதனாலேயே.

கணிப்பொறியில் இப்பணி வேறு வகையில் நடைபெறுகின்றது. திரையில் எழுத்தைக் காட்ட விரும்பும் நிரல் எதுவாயினும் அது நான்கு வினாக்களை எழுப்புகின்றது. எந்த எழுத்துரு, எவ்வளவு பெரியது, தடித்ததா மெலிந்ததா என்பது முதல் வினா. இவ்வரியை எழுதினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது இரண்டாவது. இந்த இடத்தில் இதனை வரைக என்பது மூன்றாவது. இதனை வினா என்பதினும் ஆணை என்பதே பொருந்தும். படிப்பவர் சுட்டியை ஓரிடத்தில் வைத்து அழுத்தினால், அவ்விடம் எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் நடுவே உள்ளது என்பது நான்காவது. ஆங்கிலத்துக்கு இவை நான்கும் எளியவை. சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும். தமிழுக்கோ நான்கிலும் முள் உண்டு.

தொடக்கக் காலத்தில் ஓர் எழுத்துருவுக்குள் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் போயிற்று. எஞ்சிய இடங்களில் நம் 247 எழுத்துகளை எங்ஙனம் அடைப்பது? அச்சுக்கூடத்து வழியையே பின்பற்றினர். கொம்பு, கால், கொக்கி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்கி எஞ்சிய இடங்களில் வைத்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழைக் குடியேற்றினர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் 'முரசு' செயலியை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை அளித்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத் தமிழுக்கு உழைத்து, 1997 இல் தமிழ்க் கணிமைக்கென முதல் உலக மாநாட்டை அந்நகரிலேயே கூட்டுவித்தார். அன்பர்கள் இதனைக் கருதல் வேண்டும். இவர்கள் அனைவரும் நம்மைப் போலவே தாய்நிலத்துக்கு அப்பால் வாழ்ந்தவர்கள். ஊரில் இருந்தோர்க்குத் தமிழ் தெருவெல்லாம் கிடைத்தது. தொலைவில் இருந்தோர்க்கே அஃது ஒரு தேவையாயிற்று.

இவர்தம் உழைப்பு பெரிதே. எனினும் அவ்வழியில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் துண்டுகளைத் தன் விருப்பப்படி அடுக்கியது. ஒன்றில் மகரம் இருந்த எண்ணில் மற்றொன்றில் ணகரம் இருந்தது. ஆகவே எழுத்துரு என்பது அழகுக்கு உடுத்தும் ஆடையாக இல்லாமல், உயிராகவே ஆகிவிட்டது. அனுப்பியவர் கையாண்ட எழுத்துரு பெறுபவரிடம் இல்லையேல், மடலில் ஐரோப்பிய எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் நிரம்பி வழிந்தன. ஓர் இதழைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த இதழுக்கு வேறொன்று என்று வாசகர் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக 1997 அளவில் எழுத்துருவைப் பக்கத்துடனேயே அனுப்பும் முறை வந்தது. அதிலும் நெட்ஸ்கேப் உலாவி ஒரு வழியையும் மைக்ரோசாப்ட் உலாவி வேறொரு வழியையும் கொண்டன. இரண்டு சம்பந்திகளுக்கு இடையே சிக்கிய பெண்ணைப் போலத் தமிழ் தவித்தது.

பொதுக் குறியீடு ஒன்று வேண்டுமென்று அறிஞர்கள் மின்மடல் வழியே பன்னாள் வாதிட்டுத் 'திஸ்கி' என்பதை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு 'தாம்', 'தாப்' என இரண்டை ஏற்றது. ஒற்றுமை வேண்டிக் கூடியபின் மூன்று குறியீடுகள் வழக்கில் இருந்தமை நம் இனத்தின் இயல்பு போலும்! நம் கருத்தில், இம்மூன்றும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயின் மூன்றும் அச்சுக்கோப்போரின் வரிசையையே விடாது பற்றி நின்றன.

மற்றொரு வழி முன்னரே திறந்திருந்தது. 1991 அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு, உலக மொழிகள் பலவற்றுக்கும் தனித்தனி இடம் வகுத்தது. இந்திய அரசு 1988 இல் அமைத்த இஸ்கி குறியீட்டை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்கள் அதில் ஒதுக்கப்பட்டன. இதில் சேமிக்கும் வரிசை கண்ணின் வரிசை அன்று, நாவின் வரிசை. 'கெ' என்பதில் முதலில் ககரம், பின்னரே எகரக் குறி. திரையில் காட்டும்போது அக்குறியை இடப்புறம் நகர்த்துவது வரையும் பொறியின் கடன்.

இரயில்வேயில் பணியாற்றும் எமக்கு இஃது எளிதில் விளங்கிற்று. யார்டில் பெட்டிகள் வந்து சேரும் வரிசை வேறு. ஷண்டிங் முடிந்து நடைமேடைக்கு வந்து நிற்கும் வரிசை வேறு. பதிவேட்டில் இருப்பதை அப்படியே நடைமேடையில் நிறுத்திவிட்டால் பயணிகள் தம் பெட்டியைத் தேடி ஓட வேண்டியதுதான். ஷண்டிங் அறியாத பொறிகள் அதனையே செய்தன. கொம்பு தன் எழுத்துக்குப் பின்னே, புள்ளிகளாலான ஒரு வட்டத்தைச் சுமந்து கொண்டு நின்ற கோலத்தை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். விண்டோஸ் 2000 இல் 'லதா' எழுத்துருவும் அதனை முறையாக அடுக்கும் பொறியும் சேர்ந்து வந்தபின்னரே யூனிகோடு தமிழ் பொதுமக்கள் கைக்கு எட்டியது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகள் இந்நாளில் கையாளும் 'ஹார்ஃப்பஸ்' என்னும் பொறியின் பெயர் பாரசீகச் சொற்களால் ஆனது. அதனை வளர்த்தவர் ஈரானியரான பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத். தமிழ்க் கொம்பை உரிய இடத்தில் நிறுத்துவதற்கு ஒரு பாரசீகர் உழைத்திருக்கின்றார் என்பது எண்ணி மகிழத் தக்கது.

உலாவிக்குள் செருகி இயக்கும் செருகுநிரல்களின் நிலைமையோ வேறு. உலாவி தமிழைக் கற்றுக்கொண்ட பின்னும், பக்கத்தின் நடுவே ஒரு சதுரத்தைத் தனதாக்கிக்கொண்டு அதனுள் தானே வரையும் செருகுநிரலுக்கு அக்கல்வி சென்று சேரவில்லை. விளையாட்டுகளும் பாடங்களும் நிறைந்திருந்த 'ஃப்ளாஷ்' நிரலில், நம் எழுத்து போன்ற சிக்கலான எழுத்துகளுக்கென ஒரு புதிய பொறி 2008 இல் வந்த பத்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதே ஆண்டு இறுதியில் கூகுள் நிறுவனம், அயலார் நிரலைப் பூட்டிய அறைக்குள் வைத்து இயக்கும் முறையொன்றை அறிவித்தது. அறைக்குள் இருக்கும் நிரல் கணிப்பொறியின் எழுத்துருக்களைத் தொட இயலாது. ஆகவே 'பெப்பர்' என்னும் இடைமுகத்தில் ஒரு சாளரம் திறந்து வைத்தனர். அதன் வழியே நிரல் தன் வேண்டுகோளைச் சொல்லும். உலாவி தன் பொறியைக் கொண்டே எழுதித் தரும். மேலே யாம் கூறிய நான்கும் அச்சாளரத்தில் தனித்தனியே இருந்தன: எழுத்துருவின் குடும்பம், அளவு, தடிமன் ஆகியவற்றைக் கூறித் தேர்தல், வரியின் நீளத்தை அளத்தல், வரைதல், திரைப்புள்ளிக்கு உரிய எழுத்தைக் கண்டறிதல்.

அந்நான்காவது பணியில் தமிழின் நுட்பம் நன்கு வெளிப்படும். 'கொ' என்பதன் கொம்பின்மேல் ஒருவர் சுட்டியை அழுத்தினால், ககரத்துக்கு முன் அழுத்தினார் என்பதா, பின் அழுத்தினார் என்பதா? கண்ணுக்குக் கொம்பு முன்னே. சேமிப்பில் அது பின்னே. ககரத்துடன் ஒகரக் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் ஒன்றெனவே கொள்கின்றது. ஆதலின் உயிர்மெய்யைப் பிளவாத ஓர் எழுத்தாகக் கருதுவதே சரியான விடை. தொல்காப்பியம் பயின்ற புலவரைக் கேட்டிருந்தால் இதனை ஒரு நொடியில் கூறியிருப்பார்!

செருகுநிரல்களின் காலம் பின்னர் விரைவில் முடிந்தது. பழைய நெட்ஸ்கேப் முறைச் செருகுநிரல்களைக் குரோம் 2015 இல் நீக்கியது. ஃப்ளாஷ் 2020 டிசம்பருடன் ஓய்ந்தது. தமிழக அரசு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் 'தேஸ்16' குறியீட்டையும் ஏற்றது.

நாம் வாழும் இக்கருநாடகத்தின் மொழிக்கும் இதே இடர் நேர்ந்தது என்பதை மறத்தலாகாது. கன்னடத்தில் எழுத்தின் அடியிலும் ஒற்றெழுத்து தொங்குவதால் அவர்தம் வேலை நம்மினும் கடினம். கன்னட கணக பரிஷத்து 'நுடி' என்னும் மென்பொருளைத் தந்து அவர்கட்கு வழி வகுத்தது. நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர், அச்சிட்ட தமிழைக் கணிப்பொறியே பார்த்துப் படித்தறியும் ஆய்வை நடத்தியுள்ளனர்.

காலனியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகின்றனர். தமிழெழுத்தை அவர்கள் மிகுதியும் காண்பது பாட்டி அனுப்பும் கைப்பேசிச் செய்தியில்தான். அது கட்டங்களாகவும் குறிகளாகவும் வந்திருப்பின், அவர்கள் அதனை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றிருக்கவே மாட்டார்கள்.

எஞ்சி நிற்பது பழைய கோப்புகளே. முன்னாளில் சங்க மலர்கட்கு அன்பர்கள் தட்டச்சு செய்த கட்டுரைகளும் கவிதைகளும் பழைய எழுத்துருக்களில் வட்டுகளிலே உறங்குகின்றன. திஸ்கியையும் தாப்பையும் யூனிகோடாக மாற்றும் நிரல்கள் உள்ளன. கொம்பை எடுத்து உரிய எழுத்தின்பின் வைத்து அவை ஒழுங்கு செய்யும். ஆனால் எந்த எழுத்துரு என்று தெரியாத கோப்பை அவ்வாறு திறக்க இயலாது. ஆகவே வட்டுகளையோ பழைய மின்மடல்களையோ வைத்திருக்கும் குடும்பத்தினர், அவற்றுடன் எழுத்துருவின் பெயரையும் நினைவுள்ள அளவு ஒரு தாளில் குறித்து, சங்க நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம். அச்சிட்ட மலரின் படி ஒன்று உடன் இருப்பின், பெயர் தெரியாத எழுத்துருவையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.