முகத்தின் அளவும் மூக்குக்கண்ணாடியும்

மூக்குக்கண்ணாடியின் வரலாறு பெரும்பாலும் வில்லைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்ட கைவினைஞர்கள், ஒளி விலகும் விதிகளைக் கண்டறிந்த அறிஞர்கள், பார்வைக் குறைகளை வகைப்படுத்திய மருத்துவர்கள் ஆகியோருக்கு அதில் உரிய இடம் கிடைத்திருக்க, வில்லைகளைத் தாங்கி நிற்கும் சட்டகம், அதாவது கடைகளில் பிரேம் எனப்படும் பகுதி, ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. ஆயினும், எத்துணை நுட்பமாகக் கடைந்த வில்லையும் கண்பாவைக்கு நேராக, கண்ணிலிருந்து உரிய தொலைவில், சாயாமலும் சுழலாமலும் நின்றால்தான் மருத்துவர் எழுதிக்கொடுத்த பவர் பிசகாமல் கண்ணைச் சேரும். அவ்விடத்தில் வில்லையை நிறுத்துவது சட்டகத்தின் கடமை. அதை நிறைவேற்ற, அணிபவரின் மூக்குக்கும் நெற்றிப்பொட்டுக்கும் காதுக்கும் சட்டகம் பொருந்தியிருக்க வேண்டும். சட்டகத்தின் அளவு பார்வையின் ஓர் அங்கம் என்னும் இந்த அறிவு உருவாக ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆயின. அது எல்லா முகங்களையும் சென்றடையும் பணி இன்றும் நிறைவடையவில்லை.

மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பீசா நகரை ஒட்டிய பகுதியில் தோன்றியது. 1306ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் அருளுரை ஆற்றிய ஜோர்டானோ என்னும் டொமினிக்கன் துறவி, இக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டார். பீசாவைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா என்னும் மற்றொரு துறவி, முதலில் செய்தவர் வெளியிட மறுத்த செய்முறையைத் தாமே ஆராய்ந்தறிந்து பிறருக்கும் கற்பித்தார் என்று அவருடைய மடத்தின் குறிப்பேடு கூறுகிறது. அக்காலக் கண்ணாடி என்பது கைப்பிடி உள்ள இரண்டு வட்ட வளையங்கள், கைப்பிடிகளின் முனையில் ஒரே ஆணியால் பிணைக்கப்பட்ட அமைப்பாகும். திரெவீசோ நகர மடத்தில் 1352இல் தொம்மாசோ தா மோதெனா தீட்டிய சுவரோவியத்தில் கர்தினால் ஒருவர் அத்தகைய கண்ணாடியை அணிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஜெர்மனியின் வீன்ஹவுசன் கன்னியர் மடத்தின் தரைப்பலகைகளுக்கு அடியில் 1953இல் கிடைத்த கண்ணாடிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆணியைச் சுற்றி வளையங்களை விரித்தும் குறுக்கியும் மூக்கின் மேல் பொருத்தலாம் அல்லது கையில் பிடித்துப் படிக்கலாம் என்பதால், அணிபவரின் முகத்தை அளக்கும் தேவை அன்று எழவில்லை. வெள்ளெழுத்து வந்த முதியவர்கள் சிறிது நேரம் படிப்பதற்கு மட்டும் எடுத்து வைத்துக்கொண்ட கருவிக்கு அந்த ஏற்பாடே போதுமானதாக இருந்தது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் வில்லைகளைத் தரம்பிரிக்கும் பழக்கம் வளர்ந்தது. முகத்தைத் தரம்பிரிக்கும் எண்ணம் வளரவில்லை. மிலான் நகரின் ஆட்சியாளர் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா 1462இல் ஃபுளோரன்ஸிலிருந்து மூன்று டஜன் கண்ணாடிகளை வரவழைத்தபோது, தொலைவில் பார்க்க ஒரு டஜன், அருகில் பார்க்க ஒரு டஜன், பொதுவான பார்வைக்கு ஒரு டஜன் என்று பகுத்துக் கேட்டார். அவருடைய மகன் 1466இல் இருநூறு கண்ணாடிகளுக்கு அனுப்பிய கோரிக்கையில் வில்லைகள் அகவையின்படி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. செவில் நகரைச் சேர்ந்த பெனித்தோ தாசா தெ வால்தெஸ் 1623இல் வெளியிட்ட நூல், வில்லையின் வலிமையைப் படிநிலைகளாக அளந்து தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கியது. நியூரம்பர்க் நகரில் கம்பியை வளைத்துச் செய்த மலிவுக் கண்ணாடிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்றவர்களிடம் வாங்குவோர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எழுத்து தெளிவாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டனர். மூக்கில் அது நிற்குமா நழுவுமா என்பது அவரவர் பொறுப்பாகவே விடப்பட்டது.

மூக்கை மட்டும் நம்பிய கண்ணாடி, தலையசைத்தாலும் குனிந்தாலும் விழுந்தது; இறுக்கமாகக் கவ்வினால் மூச்சுத் திணறியது. இதற்கு மாற்றாக ஸ்பெயின் முதலிய நாடுகளில் சட்டகத்தின் இரு ஓரங்களிலும் நூல் கட்டி அதைக் காதைச் சுற்றி மாட்டிக்கொண்டனர். கடல்வழியாகச் சீனத்துக்குச் சென்ற கண்ணாடிகளில் அந்நூலின் முனையில் சிறு எடைகளைக் கோத்து, காதுக்குப் பின்னால் தொங்கவிட்டனர். மூக்கின் மேற்பகுதி தாழ்வாக அமைந்த முகங்களில் கவ்வுவதற்குப் பிடிமானம் குறைவாதலின், நூலும் எடையும் அங்கே இன்றியமையாதனவாக இருந்தன. முகத்தின் அமைப்புக்கேற்பச் சட்டகத்தை மாற்ற வேண்டும் என்ற உணர்வின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாக இந்த ஏற்பாட்டைக் கொள்ளலாம்.

காதுவரை நீளும் விறைப்பான பக்கத்தண்டு 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் வழக்கத்துக்கு வந்தது. 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்னும் கண்ணாடி வணிகர் வெளியிட்ட விளம்பர அட்டையில் அத்தகைய தண்டுகள் காணப்படுகின்றன. 1752இல் ஜேம்ஸ் ஆய்ஸ்கஃப், நடுவிலும் ஒரு கீல் வைத்து மடங்கி, தலையின் பின்புறம்வரை நீளும் தண்டுகளை விளம்பரப்படுத்தினார். தொடக்ககாலத் தண்டுகள் காதுக்குப் பின்னால் வளையாமல், முனையிலிருந்த வளையத்தால் நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்தன. இந்த மாற்றத்தின் விளைவு பெரிது. கண்ணாடி மூக்கு என்னும் ஓரிடத்திலிருந்து தலையின் மூன்று இடங்களில் அமர்ந்தது. இரண்டு கைகளும் விடுபட்டன. வேலை நேரம் முழுவதும் அணியத்தக்க பொருளாக அது மாறியது. அத்துடன் தலையின் அகலம், நெற்றிப்பொட்டிலிருந்து காதுவரை உள்ள நீளம் ஆகிய இரண்டும் முதன்முறையாகக் கண்ணாடி செய்பவர் கருத வேண்டிய அளவுகளாயின.

ஆயினும் அளவு தவறினால் பார்வையே தவறும் என்பதை உணர்த்தியது 19ஆம் நூற்றாண்டின் ஒளியியல்தான். தம் கண்ணில் இருந்த ஒரு குறையைத் தாமஸ் யங் 1801இல் விவரித்தார்: ஒரு திசைக் கோடுகள் தெளிவாகவும் அதற்குக் குறுக்கான கோடுகள் மங்கலாகவும் தெரியும் அக்குறை, பார்வைச் சிதறல் எனப்படுகிறது. ஜார்ஜ் ஏரி 1825இல் அதனை உருளை வில்லையால், அதாவது ஒரு திசையில் மட்டும் வளைவு கொண்ட வில்லையால், திருத்திக்கொண்டார். 1862இல் ஸ்னெல்லன் எழுத்து அட்டையை வெளியிட, 1864இல் டோண்டர்ஸ் கண்ணின் ஒளிவிலகல் குறைகளைப் பற்றிய பெருநூலை எழுத, 1872இல் மொனொய்யே வில்லையின் வலிமையை அளக்க டையாப்டர் என்னும் அலகை முன்மொழிந்தார். இம்மூன்றாலும் பவர் எண்ணால் எழுதத்தக்கதாயிற்று. உருளை வில்லைக்கு அச்சு உண்டு. சட்டகம் முகத்தில் சற்றே சாய்ந்தாலும் அந்த அச்சு திரும்பிவிடும், திருத்தம் குறைந்துவிடும். எனவே, மூக்கைக் கவ்வி நிற்கும் தண்டில்லாக் கண்ணாடி அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் விரும்பப்பட்ட போதிலும், பார்வைச் சிதறல் உள்ளவருக்கு அது நம்பகமற்ற துணையாகவே இருந்தது.

வில்லையின் மையம் பற்றிய விதியை அமெரிக்கரான சார்லஸ் பிரெண்டிஸ் 1890இல் தெளிவாக்கினார். ஒவ்வொரு வில்லைக்கும் ஒளிக்கதிர் வளையாமல் கடந்து செல்லும் ஒளிமையம் ஒன்று உண்டு. கண்பாவை அம்மையத்துக்கு நேராக இல்லாவிட்டால், வில்லை முப்பட்டகம்போல் இயங்கிக் காட்சியை ஒரு பக்கமாக விலக்கும். விலகிய தொலைவைச் சென்டிமீட்டரில் எடுத்து வில்லையின் டையாப்டரால் பெருக்கினால் அந்த விலக்கத்தின் அளவு கிடைக்கும். 5 டையாப்டர் வில்லையில் மையம் 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் விலக்கம் 2 அலகு, அதாவது ஒரு மீட்டர் தொலைவில் 2 சென்டிமீட்டர். இரு கண்களுக்கும் இவ்வாறு நேர்ந்தால், இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கக் கண்தசைகள் ஓயாமல் உழைக்க நேரிடும். தலைவலியும் கண்சோர்வும் அதன் விளைவுகள். ஒரு சில மில்லிமீட்டர்களின் பெறுமதியை இவ்விதி எண்ணிக் காட்டிய பின், இரு கண்பாவைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து குறிப்பது கண்ணாடிக் கடையின் அடிப்படைக் கடமையாயிற்று. வளர்ந்தவர்களில் அத்தூரம் சராசரியாக 62 முதல் 63 மில்லிமீட்டர்; ஆனால் ஆளுக்கு ஆள் 54 முதல் 74 வரை வேறுபடக்கூடும்.

இதே காலத்தில் சட்டகத் தொழில் சில மலையூர்களில் வேரூன்றியிருந்தது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள மொரே ஊரில் ஆணி செய்துவந்த பியேர் கசோ 1796இல் கம்பிச் சட்டகம் செய்யத் தொடங்கினார். இத்தாலியின் கதோரே பள்ளத்தாக்கில் 1878இல் ஆஞ்செலோ ஃபிரெஸ்குரா தொழிற்சாலை நிறுவினார். ஜப்பானின் ஃபுகுயி மாவட்டத்தில் பனிக்காலத்தில் வேலையின்றி இருந்த உழவர்களுக்கு வாழ்வளிக்க மசுனாகா கொசயெமோன் 1905இல் இத்தொழிலைக் கொண்டுவந்தார். ஓரூரில் செய்த சட்டகம் மற்றொரு நாட்டில் வில்லை பொருத்தப்பட்டு விற்கப்பட்டபோது, அளவைச் சொல்லும் பொதுமுறை ஒன்று இல்லாமல் முடியாது என்ற நிலை ஏற்பட்டது.

பிரித்தானியர் வில்லையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே கிடைக்கோடு ஒன்றை வரைந்து, அக்கோட்டின் வழியே அகலத்தை அளந்தனர். வில்லைகள் வட்டமாக இருந்தவரை அம்முறை நன்கு உதவியது. பலவடிவச் சட்டகங்கள் பெருகியபோது தடுமாற்றம் தந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்ட பெட்டிமுறை, வில்லையைத் தொட்டபடி சுற்றிலும் ஒரு செவ்வகம் வரைந்து அதன் அகலத்தையும் உயரத்தையும் அளக்கிறது. பின்னர் உலகத் தரமானதும் இதுவே. இன்றைய சட்டகத்தின் உட்புறத்தில் 52, ஒரு சிறு சதுரக் குறி, 18, 140 என்று பொறித்திருந்தால், வில்லையின் அகலம் 52 மில்லிமீட்டர், இரு வில்லைகளுக்கு இடைப்பட்ட மூக்குப் பாலத்தின் அகலம் 18, பக்கத்தண்டின் நீளம் 140 என்பது பொருள். அந்தச் சதுரம் பெட்டிமுறையில் அளந்ததற்கான அடையாளம். முதலிரண்டு எண்களின் கூட்டுத்தொகையான 70, சட்டகத்தின் இரு நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரமாகும். அணிபவரின் கண்பாவைகளுக்கு இடையில் 62 மில்லிமீட்டரே இருக்குமாயின், ஒவ்வொரு வில்லையின் மையத்தையும் மூக்கை நோக்கி 4 மில்லிமீட்டர் நகர்த்தி வெட்ட வேண்டும். கிட்டப்பார்வை வில்லையில் அவ்வாறு நகர்த்தினால் காதுப் பக்க விளிம்பு தடிக்கும், எடை கூடும். 44 அகலமும் 18 பாலமும் உள்ள சட்டகத்தில் நகர்த்தவே தேவையில்லை. பவர் மிகுந்தவருக்குச் சிறிய சட்டகம் நல்லது என்று அனுபவமிக்க கண்ணாடிக் கடைக்காரர்கள் சொல்வதன் அடிப்படை இந்த எளிய கணக்கே.

சட்டகத்தின் பொருத்தம் ஓர் அரசின் பொறுப்பாகவும் ஆகலாம் என்பதை 1948 ஜூலை 5 அன்று பிரித்தானியாவில் தொடங்கிய தேசிய நலச்சேவை காட்டியது. எண்களால் அறியப்பட்ட சில சட்டக வடிவங்கள் பல அளவுகளில் இலவசமாக வழங்கப்பட்டன. அழகில் தேர்வு குறைவாக இருந்ததை அக்காலத்தோர் குறைகூறியிருக்கலாம். ஆனால் வறியவரின் மூக்கும் காதும் அளக்கப்படத் தகுதியானவை என்ற கொள்கை அதனால் நிலைநாட்டப்பட்டது. 1951இல் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்க முடிவானபோது, அச்சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

பெட்டிமுறை சட்டகத்தை அளந்ததேயன்றி முகத்தை அளக்கவில்லை என்பது அதன் எல்லை. உயர்ந்த மூக்குப் பாலத்தை மனத்திற்கொண்டு வடித்த சட்டகங்கள், தாழ்ந்த பாலமுள்ள ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் நழுவின, கன்னத்தில் உரசின. நழுவிய சட்டகம் வில்லையின் மையத்தைத் தாழ்த்துவதோடு, கண்ணிலிருந்து வழக்கமாக 12 முதல் 14 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டிய தொலைவையும் கூட்டுகிறது. அதனால் கிட்டப்பார்வை வில்லையின் பயன் குறைகிறது. வளைத்துத் திருத்தத்தக்க மூக்குத் திண்டுகளும், தாழ்ந்த பாலத்துக்கென வடித்த சட்டகங்களும் இக்குறையை ஓரளவு போக்கின. 1959இல் பெர்னார் மெத்தெனாஸ் வடிவமைத்து வெளிவந்த படிப்படியாகப் பவர் மாறும் வில்லையோ, கண்பாவை வில்லையின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் அளந்தே ஆகவேண்டிய நிலையை உண்டாக்கியது.

தமிழ்நாட்டில் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி கண் சிகிச்சை முகாம்களில் நிகழ்ந்தது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர்ப்புற முகாம்களுக்கு வில்லைகளையும் சட்டகங்களையும் வெட்டும் கருவியையும் கொண்டுசென்று, பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடியைப் பொருத்திக் கொடுக்கும் முறையை வளர்த்தது. மருந்துச்சீட்டுடன் நகரத்துக்குப் பேருந்தேற இயலாத உழவரும் கூலித் தொழிலாளியும் அளவறிந்த கண்ணாடியுடன் வீடு திரும்ப அது வழிசெய்தது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985இல் தொடங்கிய விழியளவியல் கல்லூரி, அளக்கும் கைகளை முறையாகப் பயிற்றுவித்தது.

இந்த நெடிய வரலாறு விட்டுச்செல்லும் நெறிகள் சில: கண்பாவை வில்லையின் நடுவை ஒட்டி நிற்க வேண்டும், முன்சட்டத்தின் அகலம் முகத்தின் அகலத்தை ஒத்திருக்க வேண்டும், எடை மூக்கின் இருபுறமும் சமமாகப் பரவ வேண்டும், தண்டு காதின் வளைவு தொடங்கும் இடத்தில் வளைய வேண்டும், சிரிக்கும்போது கன்னம் சட்டத்தைத் தூக்கக்கூடாது. குழந்தைகளுக்கு இவை இருமடங்கு பொருந்தும். அவர்களின் மூக்குப் பாலம் இன்னும் உயராதது, முகமோ வளர்ந்துகொண்டே இருப்பது. பெரியவர்களின் சட்டகத்தைச் சிறிதாக்கிக் கொடுப்பது அவர்களுக்குப் போதாது, நாளாவட்டத்தில் மீண்டும் அளக்கவும் வேண்டும். வில்லையின் பவரைச் சோதிக்கச் செலவிடும் அக்கறையில் பாதியாவது சட்டகத்தைப் பொருத்துவதில் செலவிடப்பட வேண்டும். பள்ளிகளிலும் முகாம்களிலும் இலவசக் கண்ணாடி வழங்கும் திட்டங்கள், எத்தனை கண்ணாடிகள் கொடுத்தோம் என்பதோடு எத்தனை கண்ணாடிகள் முகத்தில் பொருந்தி நிற்கின்றன என்பதையும் கணக்கிடும்போதே, ஏழு நூற்றாண்டுகள் சேர்த்த இந்த அறிவு அதற்கு உரியவர்களைச் சென்றடைந்ததாகும்.